ஒடிந்த கையை ஆங்கிலத்தில் சொல்வது

எட்டாம் வகுப்புச் சுவரில் அந்த அட்டையை ஒட்டியது நான்தான். தலைமையாசிரியர் சொல்லவில்லை, மேலேயிருந்து உத்தரவும் வரவில்லை. திருப்பதியில் ஐந்து நாள் பயிற்சிக்குப் போய்விட்டு வந்த உற்சாகத்தில், 'இங்கே ஆங்கிலம் மட்டும்' என்று சிவப்பு ஸ்கெட்ச் பேனாவால் ஆங்கிலத்தில் பெரிதாக எழுதி, ஓரங்களில் பூ வரைந்து, கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். என் பாடவேளையில் யாராவது தமிழிலோ தெலுங்கிலோ பேசினால் எழுந்து நிற்க வேண்டும். சொல்ல வந்ததை ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகச் சொன்னால்தான் உட்காரலாம். அடி கிடையாது, திட்டு கிடையாது, நிற்பது மட்டும்தான் என்பதால் அதை ஒரு தண்டனையாகவே நான் நினைக்கவில்லை.

புத்தூருக்குப் பக்கத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி அது. நான் சித்தூரில் பிறந்து வளர்ந்தவள். கல்யாணத்துக்குப் பிறகு திருப்பதி. காலையில் ரயிலில் புத்தூர் வந்து, அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் பள்ளிக்கூடம் போவேன். வகுப்பில் நாற்பது பேர். பாதிப் பேர் வீட்டில் தமிழ், பாதிப் பேர் வீட்டில் தெலுங்கு. தமிழ் வீட்டுப் பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் பேச மட்டும்தான் தெரியும். எழுத்து என்றால் அவர்களுக்குத் தெலுங்கு எழுத்துதான். ஆங்கிலப் பாடப்புத்தகத்தை வாங்கிப் பார்த்தால் ஒவ்வொரு சொல்லுக்கு மேலேயும் அதன் உச்சரிப்பைத் தெலுங்கு எழுத்தில் பென்சிலால் எழுதியிருப்பார்கள். அதைப் பார்த்து கடகடவென்று படித்துவிடுவார்கள். புத்தகத்தை மூடச் சொல்லி, நேற்று என்ன செய்தாய் என்று கேட்டால் ஒருவர் வாயும் திறக்காது.

அட்டை ஒட்டிய பிறகு முதல் வாரம் நிறையப் பேர் நின்றார்கள். இரண்டாம் வாரம் குறைந்தது. ஒரு மாதத்தில் யாரும் நிற்கவில்லை. விதி பலித்துவிட்டது என்று நான் சந்தோஷப்பட்டேன். அவர்கள் பேசுவதையே நிறுத்திவிட்டார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. வகுப்பு அமைதியாக இருந்தால் ஆசிரியர்களுக்குச் சந்தோஷம்தானே.

நான் சொல்ல வந்த மாணவி மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரமாக உட்காருவாள். அப்பாவும் அம்மாவும் பவர்லூம் ஷெட்டில் வேலை. மெலிந்த உடம்பு, அழுத்தி எழுதும் கையெழுத்து. அந்த வாரம் கடந்தகால வினைகள் நடத்திக்கொண்டிருந்தேன். 'ஐ ஃபால் டவுன் எஸ்டர்டே' என்று அவள் எழுதியிருந்ததை எல்லோருக்கும் முன்னால் திருத்தினேன். 'ஃபெல்' என்று மூன்று முறை சொல்ல வைத்தேன். மூன்று முறையும் சரியாகத்தான் சொன்னாள்.

இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சாப்பாடு முடிந்த பிறகு என் பாடவேளை. கரும்பலகையில் பத்து வாக்கியங்கள் எழுதிப்போட்டு, கடந்தகாலத்துக்கு மாற்றி எழுதச் சொன்னேன். எல்லோரும் எழுதினார்கள். அவள் மட்டும் நோட்டைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். வலது கையை மடியில் வைத்து, அதன்மேல் துப்பட்டாவைப் போட்டிருந்தாள். ஏன் எழுதவில்லை என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எழுந்து நின்றாள். உதடுகள் அசைந்தன.

"மேடம், மை ஹேண்ட்..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள்.

முழு வாக்கியம் வேண்டும் என்றேன். மறுபடி "மை ஹேண்ட், ஐ..." என்றாள். அதற்கு மேல் வரவில்லை. அவள் நெற்றி வேர்த்திருந்தது. வெயில் என்று நினைத்தேன். எழுத அடம் பிடிக்கிறாள், அதற்கு ஒரு காரணத்தை ஆங்கிலத்தில் கட்டத் தெரியவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது. வாக்கியம் கிடைத்ததும் சொல்லிவிட்டு உட்கார் என்று சொல்லிவிட்டு, மற்றவர்கள் நோட்டுகளைப் பார்க்கப் போனேன்.

இருபது நிமிஷம் இருக்கும். அப்போது அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தோழி எழுந்தாள். அவள் வகுப்பிலேயே அதிகம் பேசாதவள். அந்த வருஷம் முழுக்க அவள் தானாக எழுந்து ஒரு வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

"மேடம், இவ கை ஒடஞ்சிகினு கீது. குழாயாண்ட வழுக்கி வுழுந்துட்டா. பாருங்க, எப்டி வீங்கிக்கினு கீதுன்னு" என்றாள்.

நான் போய் துப்பட்டாவை விலக்கிப் பார்த்தேன். மணிக்கட்டுக்கு மேலே எலும்பு கோணியிருந்தது. கை அதற்குள் இரண்டு பங்காக வீங்கிவிட்டது. அவளை உட்காரவைத்து, தண்ணீர் கொடுக்கச் சொல்லி, தலைமையாசிரியரைக் கூப்பிட ஓர் ஆளை அனுப்பிவிட்டுத் திரும்பினால், தோழி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். தமிழில் பேசியதால் நிற்கிறாள் என்று புரிய எனக்குச் சில விநாடிகள் ஆயின. உட்காரம்மா என்று தமிழில் சொன்னேன். அந்த வகுப்பில் நான் தமிழில் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ஆட்டோவில் போகும்போது அந்தப் பெண் என் தோளில் சாய்ந்திருந்தாள். ஏம்மா சொல்லவில்லை, தமிழிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவள் சொன்னாள்: "ஃபாலா ஃபெல்லான்னு மறந்துட்டேன் மேடம். தப்பா சொன்னா திருப்பி மூணு வாட்டி சொல்லணும்ல. அதான் யோசிச்சிக்கினு நின்னேன்."

முதலில் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தோம். கையில் ஓர் எலும்பு முறிந்திருந்தது. மாவுக்கட்டு போடலாம் என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவள் அம்மா ஷெட்டிலிருந்து வந்துவிட்டார். தலையிலும் ரவிக்கையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. புத்தூரிலேயே இருந்துகொண்டு மாவுக்கட்டா என்று கேட்டு, கையோடு, ஊருக்கே பேர் வாங்கித் தந்த எலும்புக் கட்டுக்காரரிடம் அழைத்துப் போனார். நானும் போனேன்.

அங்கே எங்களுக்கு முன்னால் இருபது, முப்பது பேர் இருந்தார்கள். கர்நாடகத்திலிருந்து ஒரு குடும்பம், ஹிந்தி பேசும் லாரி டிரைவர் ஒருவர், காளஹஸ்தியிலிருந்து வந்த ஒரு வயதான தம்பதி. கட்டுப் போடுகிறவர் ஒவ்வொருவரிடமும் அவரவர் பேச்சில் கேட்டார். அவருக்குக் கன்னடத்திலும் ஹிந்தியிலும் பத்துப் பதினைந்து வார்த்தைகளுக்கு மேல் தெரியாது என்று கொஞ்ச நேரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கே வலிக்கிறது, எப்படி விழுந்தாய், மடக்கு, நீட்டு, பயப்படாதே. இலக்கணம் தாறுமாறாக இருந்தது. லாரி டிரைவர் அவருடைய ஹிந்தியைத் திருத்தவில்லை. காலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

வரிசையில் உட்கார்ந்திருந்தபோது, நடந்ததை அந்த அம்மாவிடம் நான் சொன்னேன். சொல்லாமல் விட்டிருந்தால் பெண் சொல்லியிருப்பாளா என்று தெரியவில்லை. என் விதியை, அட்டையை, நிற்கவைத்ததை எல்லாம் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். அவர் மகளின் தலைமுடியை ஒதுக்கிவிட்டுக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க நல்லதுக்கு தான் பண்ணியிருப்பீங்க மேடம். வூட்டுல வுழுந்திருந்தா தெருவே கூடற மாதிரி கத்தியிருக்கும். ஸ்கூல்ல கத்தறதும் இங்கிலீசுல தான் கத்தணும் போலன்னு நெனச்சிக்கிச்சு" என்று சொல்லி லேசாகச் சிரித்தார். மகளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பச்சிலையும் முட்டை வெள்ளையும் தடவி, மூங்கில் சிம்பு வைத்து, துணி சுற்றிக் கட்டினார்கள். ஆறு வாரம் கையை அசைக்கக்கூடாது.

அன்று சாயங்காலம் ரயிலில் ரேணிகுண்டாவைத் தாண்டும்வரை நான் என் கல்லூரி நாட்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். சித்தூரில் தெலுங்கு மீடியத்தில் படித்துவிட்டுத் திருப்பதியில் டிகிரி சேர்ந்தவள் நான். முதல் வருஷம் வருகைப்பதிவுக்குச் சொல்லும் 'பிரசன்ட்' தவிர வகுப்பில் வேறு எதுவும் சொன்னதில்லை. ஒருநாள் விரிவுரையாளர் என்னை எழுப்பி ஏதோ கேட்டார். பதில் எனக்குத் தெரியும். தெலுங்கில் தெரியும், தமிழிலும் தெரியும். ஆங்கிலத்தில் அதைத் தைத்துக்கொண்டிருக்கும்போதே அவர் அடுத்த பெண்ணிடம் போய்விட்டார். அன்று ஹாஸ்டல் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் மாணவர்களுக்கு இந்த நிலைமை வரக்கூடாது என்றுதான் அந்த அட்டையை எழுதினேன். அப்படி நினைத்து எழுதியதை வைத்து, அதே இடத்தில் ஒரு பெண்ணை ஒடிந்த கையோடு நிற்கவைத்திருக்கிறேன்.

மறுநாள் அட்டையைக் கிழித்தேன். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். விதி போனதும் ஆங்கிலமும் போய்விட்டது. ஒரு வாரம் முழுக்க என் வகுப்பில் சந்தைக்கடை சத்தம். எல்லாவற்றையும் தமிழிலும் தெலுங்கிலும் பேசினார்கள், ஆங்கிலத்தில் நான் கேட்டதற்குக் கூடத் தெலுங்கில் பதில் வந்தது. பழைய வழியில் அமைதியாவது இருந்தது என்று ஒருநாள் எனக்கே தோன்றியது. என்ன செய்வது என்று தெரியாமல், பாடத்தை நானே படித்து, நானே அர்த்தம் சொல்லி ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த மாணவி கழுத்தில் துணித் தொட்டில் கட்டி, கையை அதில் போட்டுக்கொண்டு திரும்பி வந்த வாரம் மாதத் தேர்வு. வலது கை. எழுத முடியாது. தேர்விலிருந்து விட்டுவிடலாம் என்று தலைமையாசிரியர் சொன்னார். அவள் எழுத வேண்டும் என்றாள். அதனால் அவள் சொல்ல, பக்கத்துத் தோழி எழுதட்டும் என்று ஏற்பாடு செய்தேன். தோழி தன் தேர்வை முதலில் முடித்துவிட்டிருந்தாள். இருவரையும் வராந்தாவில் ஒரு மேஜையில் உட்காரவைத்துவிட்டு, நான் வாசலில் நாற்காலி போட்டு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன்.

விடுமுறையில் நடந்த ஒன்றைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுத வேண்டும். கொஞ்ச நேரத்தில் இருவருக்கும் சண்டை வந்துவிட்டது. இவள் "வீ கோ டு சந்திரகிரி" என்கிறாள். தோழி பேனாவை நிறுத்திவிட்டு, போன மாசம்தானே போனீங்க என்று தமிழில் கேட்கிறாள். ஆமாம், அதற்கு என்ன என்கிறாள் இவள். அப்போ கோ இல்லைடி என்கிறாள் தோழி. கோவுக்கு என்ன என்று இருவருக்கும் தெரியவில்லை. 'கோட்'டா என்று ஒருத்தி கேட்டாள். அது ஆடு என்றாள் மற்றவள். அப்புறம் இவள் கண்ணை மூடிக்கொண்டு, பாடப்புத்தகத்தின் எந்தப் பக்கத்திலோ இருந்த ஒரு வாக்கியத்தை முணுமுணுத்து 'வென்ட்' என்று கண்டுபிடித்தாள். கோட்டை மதில்மேல் ஒரு குரங்கு அவள் தம்பியின் சிப்ஸ் பாக்கெட்டைப் பிடுங்கியதைச் சொல்ல, 'பிடுங்கு' என்பதற்கு வார்த்தை இல்லாமல் தவித்தாள். கையால் பிடுங்கிக் காட்ட வேண்டும், ஆனால் கை தொட்டிலில் இருந்தது. இடது கையால் தோழியின் பேனாவைப் பிடுங்கினாள். தோழி சிரித்துவிட்டு, 'டுக்' போட்டுக்கலாம் என்றாள்.

நான் திருத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடந்தது முக்கால்வாசி தமிழில்தான். ஆனால் இருவரும் ஆங்கிலத்தைப் பற்றி இவ்வளவு நேரம், இவ்வளவு கவலையோடு பேசி நான் கேட்டதில்லை. என் அமைதியான வகுப்பில் ஒரு மாதத்தில் நடக்காதது அந்த வராந்தாவில் அரை மணி நேரத்தில் நடந்துகொண்டிருந்தது.

அடுத்த திங்கட்கிழமை முழு வகுப்பையும் இரண்டு இரண்டு பேராக உட்காரவைத்தேன். ஒருவர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும், பேனாவைத் தொடக்கூடாது. மற்றவரிடம்தான் பேனா. முதலில் உனக்கு நடந்த ஏதாவது ஒன்றை உன் பேச்சில் சொல். பிறகு இரண்டு பேருமாக அதை ஆங்கிலத்துக்குக் கொண்டுவாருங்கள், கை கட்டியவர் சொல்ல, பேனா வைத்திருப்பவர் காதில் விழுந்ததை மட்டும் எழுத வேண்டும். தமிழ் வீட்டுப் பிள்ளையும் தெலுங்கு வீட்டுப் பிள்ளையும் சேர்ந்து உட்காரும்படி நிறைய ஜோடிகளை அமைத்தேன். இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடைக்காதபோது ஆங்கிலத்துக்குத் தாவினார்கள்.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வேறொன்று. தப்பு காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறக்கிறது. பல வருஷப் பழக்கம். அதனால் ஒரு சின்ன நோட்டை எடுத்துக்கொண்டு சுற்றினேன். கேட்ட தப்பை அதில் எழுதிக்கொள்வேன், பேசுகிறவரை நிறுத்தமாட்டேன். சனிக்கிழமை அவற்றில் ஆறோ ஏழோ வாக்கியங்களைக் கரும்பலகையில் எழுதுவேன், யார் சொன்னது என்று சொல்லமாட்டேன். பிள்ளைகளே திருத்துவார்கள். சில வாக்கியங்களைப் பார்த்து, 'இது நான் சொன்னது' என்று அவர்களே கை தூக்கிச் சிரித்ததும் உண்டு.

எல்லா ஜோடியும் உருப்பட்டது என்றும் சொல்லமாட்டேன். கடைசி பெஞ்சில் இருவர் மூன்று வாரம் சினிமாக் கதை பேசியே கழித்தார்கள். ஒரு ஜோடியில் பேனா வைத்திருந்தவனே எல்லாவற்றையும் எழுதிவிட்டு, மற்றவனைத் தலையாட்ட வைத்தான். ஒரு பெண் தன் வீட்டுச் சங்கதியை வெளியே சொல்ல மாட்டேன் என்று அழுதாள். அவளை வற்புறுத்தியது தப்பு என்று பிறகு புரிந்து, நடந்தது வேண்டாம், கண்ணால் பார்த்ததைச் சொன்னால் போதும் என்று மாற்றினேன்.

இந்த நேரத்தில்தான் மண்டலக் கல்வி அதிகாரி பள்ளியைப் பார்வையிட வந்தார். வகுப்பு சந்தைபோல இரைந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று கொஞ்சம் கேட்டார். இது ஆங்கில வகுப்புதானா என்று என்னிடம் தெலுங்கில் கேட்டார். ஆமாம் என்றேன். கட்டுப் போட்ட மாணவியிடம் நேராகப் போய், என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார். வகுப்பு கப்சிப் ஆனது. அவள் எழுந்தாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன்.

"சார், ஐ டெல்லிங், ஷி ரைட்டிங். மை ஹேண்ட் நோ ரைட்டிங், சார். ஐ ஃபால் நியர் டேப். நோ, ஃபெல். ஐ ஃபெல் நியர் டேப்" என்றாள். பிறகு யாரும் கேட்காமலே, "நவ் நோ பெயின், சார்" என்று சேர்த்துக்கொண்டாள்.

அவர் தலையாட்டினார். உட்காரச் சொன்னார். இலக்கணம் பலவீனம், தாய்மொழிப் பயன்பாட்டைக் குறைக்க வேண்டும் என்று பதிவேட்டில் எழுதிவிட்டுப் போனார். அவர் எழுதியதில் பொய் இல்லை. அவர் கேட்ட வாக்கியங்களில் அந்த 'ஃபெல்'லைத் தவிர எல்லாம் தப்புதான். தலைமையாசிரியர் பதிவேட்டைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அவர் கண்டிப்பான மனிதர், பேச்சு குறைவு. போன மாதம் இந்தப் பெண் நான்கு வாக்கியம் பேசியிருப்பாளா என்று கேட்டார். பேசியிருக்கமாட்டாள் என்றேன். அப்படியானால் அடுத்த முறை அவர் வரும்போது வகுப்பைக் கொஞ்சம் சத்தம் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

ஆறாவது வாரம் முடிந்து கட்டைப் பிரித்தார்கள். கை மெலிந்து, தோல் வெளுத்திருந்தது. மறுநாள் அவள் பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இனி உன் முறை, நீ சொல் என்று தோழியிடம் சொன்னாள். தோழி மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். இத்தனை வாரம் எழுதிக்கொண்டிருந்ததில் அவள் எழுத்து நன்றாகத் திருந்தியிருந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. இரண்டு நாள் அப்படியே போனது. நான் தலையிடவில்லை. மூன்றாம் நாள் அவர்கள் பெஞ்சைத் தாண்டிப் போகும்போது மிகவும் தணிந்த குரலில் ஏதோ கேட்டது. நின்றால் நிறுத்திவிடுவாள் என்று நடந்துகொண்டே காதைக் கொடுத்தேன். தோழி, தன் நைனா, அதாவது அப்பா, வீட்டில் ஓட்டும் தறியின் சத்தத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். வீட்டில் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள். தனக்கு மட்டும் குரல் எழும்பாது, அதனால் வீட்டில் யாருக்கும் தான் பேசுவது கேட்பதில்லை. ஆங்கிலத்தில் நான்கு வாக்கியம். அதை முடிக்க அவளுக்குப் பாடவேளை முழுவதும் பிடித்தது.

அவள் ஏன் வகுப்பில் பேசுவதில்லை என்பதற்கு அதுவரை எனக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும், ஆங்கிலம். இரண்டு வருஷமாக அவளுக்குப் பாடம் எடுத்திருக்கிறேன்.

வருஷக் கடைசித் தேர்வில் அந்த வகுப்பின் மதிப்பெண்கள் முந்தைய வருஷத்தைவிடப் பெரிதாக ஏறவில்லை. எழுத்துத் தேர்வு பேச்சை அளப்பதில்லை. நான் சமாதானத்துக்காகச் சொல்கிறேனோ என்றும் சில சமயம் தோன்றும். கை ஒடிந்த மாணவி இப்போது திருப்பதியில் பாலிடெக்னிக் படிக்கிறாள். தோழி நகரியில் இன்டர், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு, முடித்துவிட்டு, மேலே என்ன படிப்பது என்று வீட்டில் பேசிக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

எனக்கு மாற்றலாகி இப்போது சந்திரகிரிப் பக்கம் ஒரு பள்ளி. எல்லாம் தெலுங்கு வீட்டுப் பிள்ளைகள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த ஓர் ஆசிரியை என்னோடு அதே பாடம் எடுக்கிறார். போன வாரம் அவர் தன் வகுப்பில் ஒட்ட ஓர் அட்டையைத் தயார்செய்துகொண்டு வந்து, ஆங்கில எழுத்துகள் நேராக இருக்கின்றனவா என்று என்னிடம் காட்டினார். நான் வாங்கிப் பார்த்தேன். மத்தியானம் சாப்பிடும்போது உங்களிடம் ஒரு விஷயம் பேச வேண்டும், அதுவரை ஒட்டாமல் வைத்திருங்கள் என்றேன். சரி என்றார். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் நான் கொஞ்ச நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.